பிரிக்காத ஐந்து பெட்டிகள்

மார்ச் 4

அக்காவைக் கட்டிய மாமாவின் வரைபட அலுவலகத்துக்கு ஆறு புது கம்ப்யூட்டர் வந்தது. வீட்டு பிளான் போடும் மென்பொருளும் ஆறு பெட்டி வாங்கியிருக்கிறார், ரசீதோடு. ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டால் ஒரு நாள் போய்விடும். ஒரு மிஷினில் போட்டு, அதையே மற்ற ஐந்துக்கும் நகலெடுத்தேன். ஒரு மணி நேரம்.

"அப்ப மிச்சப் பெட்டியெல்லாம் எதுக்குடா வாங்கினேன்?"

அலமாரிக்கு அழகு என்றேன்.

மார்ச் 20

கள்ள நகல் சட்டம் நிறைவேறிவிட்டது. வெளிநாட்டோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்தின் நிபந்தனையாம். இது இல்லையென்றால் நம் துணி அவர்கள் சந்தைக்குள் போகாது. அமைச்சகத் தளத்திலிருந்து வரைவை இறக்கினேன். கோப்பின் விவரத்தில், எழுதியவர் என்ற இடத்தில் மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு. பெயரை அழிக்கக்கூடச் சோம்பல். ஒரே உரிம எண் இரண்டு மிஷினில் இருந்தால் இரண்டாவது திருட்டு, ரசீது செல்லாது.

மாமாவின் மிஷின்கள் நினைவுக்கு வந்தன, ஆறிலும் ஒரே எண். ஞாயிற்றுக்கிழமை மாற்றிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 7

எந்த ஞாயிறு? மாற்றவே இல்லை.

காலை பதினொரு மணிக்கு எட்டு போலீஸ். கூட அந்தக் கூட்டமைப்பின் ஆள், டை கட்டியவன். அவன் விரலை நீட்டிய இடத்தில் எல்லாம் தடி விழுந்தது. மாமா ரசீதை நீட்டினார். நீட்டிய கையிலேயே ஒரு போடு.

"அஞ்சு பெட்டி பிரிக்கவே இல்ல. அப்ப ஓடறது எது?" என்றான் டை. யார் போட்டது என்று கேட்டார்கள். நான் மூன்றடி தள்ளி நிற்கிறேன்.

"நான்தான் போட்டேன்" என்றார் மாமா.

வலது கையை மேஜை இழுப்பறைக்குள் வைத்து, உதைத்து மூடினார்கள். இரண்டு முறை. எலும்பு முறிந்தது கேட்டது. நான் வாயே திறக்கவில்லை. அவரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஏப்ரல் 8

ஏன்டா வாயத் திறக்கல நீ? கண்ணாடியைப் பார்த்துக் கேட்டேன்.

ஏப்ரல் 9

அக்காவிடம் சொன்னேன், நகலெடுத்தது நான் என்று. அடித்தாள். கை வலித்ததும் செருப்பை எடுத்தாள். நான் தடுக்கவில்லை.

ஏப்ரல் 10

ஸ்டேஷனுக்குப் போய் ஒத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் எழுதவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த டையைப் பார்த்தார்.

"மெக்கானிக் எங்களுக்கு வேணாம் தம்பி" என்றான் அவன். "முதலாளி உள்ள போனாதான் மத்த முதலாளிங்க பெட்டி வாங்குவாங்க."

நெற்றியால் அவன் மூக்கில் முட்டினேன். உடைந்தது. அப்புறம் என் முறை. விலாவில் இரண்டு எலும்பு, ஒரு பல்.

ஆனால் ஏன் முட்டினேன் என்று எழுதாமல் வழக்குப் போட முடியாதே. எழுதினார்கள். நகலெடுத்தவன் நான் என்பதும் அதில் ஏறிவிட்டது.

ஏப்ரல் 24

போலீஸ் எழுதியதை நீதிபதி படித்தார். மாமாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எனக்கு ஜாமீன், இரண்டு வழக்கு: நகலுக்கு ஒன்று, மூக்குக்கு ஒன்று.

ஜூன் 11

மாமாவின் விரல்கள் வளைந்தபடியே கூடிவிட்டன. மவுஸைப் பிடிக்க முடியாது. எனக்குத் தீர்ப்பு திங்கட்கிழமை. மூன்று வருஷத்துக்குக் குறையாது என்கிறார் வக்கீல். அக்கா இன்னும் என்னோடு பேசுவதில்லை. ஆனாலும் பிளான் போடக் கற்றுக்கொள்ள என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மவுஸைப் பிடுங்கிக்கொள்கிறாள். தப்பாக இழுத்தால் நான் அழிக்கிறேன், திரும்பப் போடச் சொல்கிறேன். பத்தாவது முறையும்.

இன்று அவளுக்குச் சுவர் போட வந்துவிட்டது. கதவு நாளைக்கு.