ஹெர்னியா என்று சொல்லியிருந்தேன்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே அனல். பாசஞ்சர் இருபது நிமிடம் லேட். திண்டிவனம் ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேன் ஏழுமலை அண்ணனிடம் நான்கு நாள் லீவு கேட்டேன். எதற்கு என்றார்.

"ஹெர்னியாண்ணே. சின்ன ஆபரேஷன்."

வாய் கூசாமல் வந்தது. டிராக்டர் எஞ்சின் தூக்குகிறவனுக்கு ஹெர்னியா கவுரவம். குடும்பக் கட்டுப்பாடு என்றால் இல்லை.

தேன்மொழிக்குத்தான் பண்ணியிருக்க வேண்டியது. இரண்டாவது சிசேரியனில் ரத்தம் நிற்கவில்லை. என் பெண்டாட்டி பிழைத்ததே போதும் என்று தைத்துவிட்டார்கள். இப்போது பாப்பாவுக்கு ஐந்து மாதம். போன வாரம் விழுப்புரம் டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னது: "மறுபடி அவங்க வயித்துல கை வைக்க வேணாம். நீங்க பண்ணிக்கங்க. கால் மணி நேரம்."

தேன்மொழி என் முகத்தைப் பார்க்கவில்லை. பண்ணிக்கொள் என்று கேட்கவும் இல்லை. கேட்காததுதான் என்னவோ செய்தது.

ஜூன் 10, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். முறத்தில் மல்லாட்டையைக் கொட்டிக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இன்னாடா கேடு? பாரம் தூக்குற ஒடம்பு. பலமெல்லாம் பூடும். நாலு பேரு உன்ன ஆம்பளைன்னு மதிப்பாங்களா?"

"அவ செத்துட்டா மதிப்பாங்களாம்மா?"

அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனாள்.

எடுத்துப்போக: ஆதார், லுங்கி, இறுக்கமான ஜட்டி (புதுசு), தண்ணீர் பாட்டில்.

ஜூன் 11, புதன்

முடிந்தது.

வரிசையில் எல்லாம் பெண்கள். ஆண் நான் ஒருவன். நர்ஸ் இரண்டு தடவை கேட்டார், "பேஷண்ட் நீங்களா, வூட்டுக்காரம்மாவா?" ஊசி போட்டபோது சுருக்கென்றது. அப்புறம் எதையோ இழுக்கிற மாதிரி. டாக்டர் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே முடித்துவிட்டார். தையல்கூட இல்லை. மூன்று மாதம் கழித்து விந்தணு இருக்கிறதா என்று டெஸ்ட். அதுவரை ஜாக்கிரதை.

இதற்கா ஒரு வாரம் தூக்கம் வராமல் கிடந்தேன்? ஷேர் ஆட்டோவில் சிரிப்பு வந்தது. தேன்மொழி பத்துத் தடவை "வலிக்குதா?"

ஜூன் 12, வியாழன்

படுக்கை. லேசான வீக்கம். மத்தியானம் அம்மா ரசம் சாதம் கொண்டுவந்து வைத்தாள். போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"எனக்கு ஸ்கூல்ல கேம்ப் போட்டுப் பண்ணாங்க. வெறுந்தரையில பாயி. உங்கப்பா வாசல்லயே வுட்டுட்டுப் பூட்டாரு. நானே பஸ் ஏறி வந்தேன். பத்தாம் நாளு நடவுக்குப் போய்ட்டேன். எனக்கு யாரும் சோறு எடுத்தாந்து வைக்கல."

"வலிச்சிச்சாம்மா?"

"முப்பது வருசம் கழிச்சி கேக்குற." தட்டை என் பக்கம் தள்ளினாள். "சாப்டு. ஆறிடும்."

ஜூன் 16, திங்கள்

வேலை. வந்ததும் ஏழுமலை அண்ணன் கியர்பாக்ஸை ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னார். இன்னும் சில நாள் பாரம் தூக்கக்கூடாது. ஹெர்னியா என்றே சமாளித்திருக்கலாம். அம்மா சொன்னதைக் கேட்டபிறகு அந்தப் பொய் வாயில் நிற்கவில்லை.

"ஹெர்னியா இல்லண்ணே. கு.க. பண்ணிக்கினேன்."

ஸ்பேனர் சத்தம் நின்றது. வாட்டர் வாஷ் குமார் ஆரம்பித்தான்: "அப்ப அண்ணன் இனிமே லேடீஸ் சீட்டுல குந்திக்கினு வரலாம்." எல்லோரும் சிரித்தார்கள். காது சூடாகிவிட்டது. ஆனால் நான் பயந்ததைவிடச் சின்னச் சிரிப்புதான். அடுத்த நிமிடம் வேறு பேச்சு. கியர்பாக்ஸை அண்ணனும் குமாரும் தூக்கினார்கள்.

டீக்கடையில் அண்ணன் தனியாக, "எம் பொண்டாட்டிக்கு சுகரு. ஆபரேஷன் இப்ப வேணாம்றாங்க. உனக்கு ஒண்ணும் ஆவலியே?"

"ஒண்ணும் ஆவலண்ணே."

டாக்டரம்மா நம்பரை வாங்கிக்கொண்டார். "எவன்கிட்டயும் சொல்லாத."

செப்டம்பர் 15, திங்கள்

தூறல். அரை நாள் லீவு. டெஸ்ட் ரிசல்ட்: பூஜ்யம். பள்ளிக்கூடத்தில் முட்டை வாங்கி அடி வாங்கியவன், இன்று அதே முட்டையைச் சட்டைப் பையில் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு வந்தேன்.

தேன்மொழி இரண்டு தடவை படித்தாள். பிரசவத்துக்கு அப்புறம் நான் பக்கத்தில் வந்து படுத்தாலே, மறுபடி உண்டாகிவிடுமோ என்று தூக்கமே வராது என்று இன்றுதான் சொன்னாள். பாப்பாவை என் மடியில் போட்டுவிட்டுப் படுத்தாள். அப்போது மணி இரண்டு. இப்போது நாலரை. இன்னும் தூங்குகிறாள். பாப்பா பேனாவைப் பிடித்து இழுக்கிறாள், எழுத