பறவையரசனுக்கு மூன்று பூச்சியம்

எல்லிங்ஸ்ருட், ஒஸ்லோ
20 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

1. இதை எழுதுபவர் யோகராசா குகநேசன், வயது ஐம்பத்தேழு, இலங்கையில் சட்டத்தரணியாகப் பதிவு பெற்று, தற்போது ஒஸ்லோவில் காப்புறுதி நிறுவனமொன்றின் சட்டப் பிரிவில் பணிபுரிபவர், ஹவுகன்ஸ்டுவாவில் வசிக்கும் மங்களேஸ்வரியாகிய உங்களின் ஒரே தம்பி.

2. நேரில் கதைத்தால் இரண்டாவது வசனத்திலேயே என்னை மறித்துவிடுவீர்கள். ஆகையால் எழுதுகிறேன்.

3. நீங்கள் தந்த படிவம் என் மேசையில் இருக்கிறது. பறவை பார்க்கும் ஞாயிறு நடைகளுக்கான உங்கள் வழிகாட்டி அனுமதியைப் புதுப்பிப்பதற்கு, நடையில் பங்குபற்றிய ஒருவரின் சாட்சியத்தைப் பறவை வட்டம் கேட்கிறது. ஏழு கேள்விகளில் ஆறுக்கு முழுமனதுடன் பதில் எழுதிவிட்டேன். சதுப்பில் பலகைப் பாதை வழுக்கும் இடங்களை முன்கூட்டியே காட்டினீர்கள். நான் கொக்கு என்று சொன்னதை, "கொக்கில்லையடா, இங்கை அதுக்குப் பேர் ட்ரானே. அது கூப்பிட்டால் ரெண்டு மைலுக்குக் கேக்கும்" என்று பதினொரு பேர் முன்னிலையில் திருத்தினீர்கள்.

4. ஏழாவது கேள்வி: வழிகாட்டி பறவைகளை ஒலியால் அடையாளம் காண்கிறாரா? ஞாயிறு காலை மலைக்காட்டு மேட்டில், ஊசியிலை மரங்களுக்குக் கீழே நாங்கள் நின்றபோது, மிக மெல்லிய சத்தமொன்று ஐந்து தடவை கேட்டது. அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அருகில் நின்ற பெண், ஆறு கிராம்கூட இல்லாத, நோர்வேஜியர் பறவையரசன் என்று அழைக்கும் குருவி அது என்றார். நீங்கள், "இந்த மரத்திலை ஒண்டும் இல்லை, நடவுங்கோ" என்றீர்கள்.

5. இந்நிலையில் 'ஆம்' என்று எழுத என்னால் இயலாது. 'இல்லை' என்று எழுத மனமில்லை. படிவத்தை ஜூன் 30க்குள் அனுப்பவேண்டும். அதற்கு முன் காதைப் பரிசோதித்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

அன்புடன்,
தம்பி குகநேசன்

*

ஹவுகன்ஸ்டுவா
23.5.2025

தம்பி குகன்,

பஸ் ஏறினால் வந்துவிடக்கூடிய தூரத்துக்கு முத்திரை ஒட்டியிருக்கிறாய். அக்காவுக்குக் கடிதம் என்று பிரித்தால் உள்ளே குற்றப்பத்திரிகை. ஹம்சத்வனி உன்னோடு எப்படித்தான் குடும்பம் நடத்துகிறாளோ! சோறு குழைந்தால் அதற்கும் இலக்கம் போடுவாயோ?

என் காதுக்கு ஒன்றுமில்லை. அந்தக் குருவிதான் அந்தக் காட்டில் இல்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் அதே பாதையில் பன்னிரண்டு இடங்களில் நின்று, கேட்டு, எண்ணி வட்டத்துக்கு அனுப்புகிறேன். கடந்த மூன்று வருடமும் பறவையரசன் பூச்சியம். அறிக்கைகளைப் போய்ப் பார். யாரோ ஒரு பெண் சொன்னதை நம்புகிறாய். முப்பது வருடம் பஸ் ஓட்டி, பத்து வருடம் சதுப்பில் நனைந்த அக்காவை நம்பமாட்டாய்.

இந்த அனுமதி போனால் எனக்கு ஞாயிறு என்று ஒன்று இல்லை. கிழமை முழுக்க யன்னலும் நானும்தான். அது உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் எழுதியிருக்கிறாய்.

இந்த ஞாயிறு சாப்பாட்டுக்கு வரவேண்டாம். நண்டு வாங்கியாயிற்று. நானே தின்பேன்.

அக்கா

*

எல்லிங்ஸ்ருட்
2 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நண்டின்மீது நான் உரிமை கோரவில்லை. உங்களுக்கு இலக்கமிட்டு எழுதியது தவறு. இக்கடிதத்தில் இலக்கங்கள் இல்லை.

வட்டத்தின் இணையத்தளத்தில் உங்கள் அறிக்கைகளைப் படித்தேன். நேற்றுக் காலை அதே பன்னிரண்டு இடங்களிலும் ஐந்து நிமிடம் வீதம் நின்றேன். ஒன்பது இடங்களில் அந்தச் சத்தம் கேட்டது. எனக்குப் பறவைகள் தெரியாது என்பதால் அதைக் கைத்தொலைபேசியில் பதிந்து, நீங்கள் முன்பு எனக்குத் தந்த ஒலிப்பதிவுகளுடன் மூன்று முறை ஒப்பிட்டேன்.

காட்டில் பறவையரசன் குறையவில்லை, அக்கா.

இதை நான் எவருக்கும் அனுப்பவில்லை, அனுப்பவும் மாட்டேன். அறிக்கை உங்களுடையது. அதைத் திருத்தும் உரிமையும் உங்களுடையது.

இன்னொன்றையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அன்று சதுப்போரத்தில் நாங்கள் எல்லோரும் அலட்டிக்கொண்டு நடந்தோம். நீங்கள் திடீரென்று கையை உயர்த்தினீர்கள். சின்னக் குருவிகள் நாலைந்து ஒரே கிளையைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன. "அங்கை ஆந்தை இருக்கு" என்றீர்கள். இருந்தது; கைக்குள் அடங்கும் அளவில் ஓர் ஆந்தை. நல்ல காதுள்ள நாங்கள் எவரும் அதை அறியவில்லை. ஏழாவது கேள்விக்கு அது பதிலாகாது. ஆயினும் அதை எழுதப் படிவத்தில் ஓர் இடம் இல்லாதது படிவத்தின் குறை என்றே கருதுகிறேன்.

படிவம் இன்னும் ஒப்பமிடப்படாமல் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
குகநேசன்

*

ஹவுகன்ஸ்டுவா
19.6.2025

தம்பி,

பதினேழு நாள் எழுதவில்லை. கோபம் ஒரு கிழமைதான். மிச்சம் காது பார்க்கும் இடத்தில் நேரம் கிடைக்கும்வரை காத்திருந்தது.

கண்ணாடி அறை. காதில் ஒன்றை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தச் சொன்னார்கள். முதலில் மளமளவென்று அமத்தினேன். பிறகு பரிசோதிக்கிற பிள்ளை என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன், பொத்தான் சும்மா கிடக்கிறது. அப்போதே விளங்கிவிட்டது. ஆட்கள் கதைப்பது கேட்கும், ட்ரானே கேட்கும். மெல்லிய உச்சத் தொனிகள் போய்விட்டன. கருவி போட்டாலும் அந்தக் குருவி திரும்பி வரும் என்று உறுதி சொல்லமாட்டாளாம்.

காடு செத்துக்கொண்டிருக்கிறது என்று மூன்று வருடம் கவலைப்பட்டேன், தம்பி. வீட்டுக்கு வந்து சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன்.

மறுநாளே வட்டத்தின் செயலாளர் ஆன்ட்ரியாஸிடம் போய், மூன்று பூச்சியமும் காட்டினுடையவை அல்ல, என்னுடையவை என்று சொன்னேன். அவனுடைய நோர்வேஜியத்தை எங்கள் பாசையில் சொன்னால் இப்படித்தான்: "அட மங்களா! பறவையரசன் ஏன் குறையுது எண்டு ரெண்டு கூட்டம் வைச்சனாங்கள். கேக் வேறை வெட்டினனாங்கள்!" சிரித்த சிரிப்பில் கோப்பியை மேசையில் ஊற்றிப்போட்டான். துடைத்துவிட்டு நிதானமாகச் சொன்னான். நான் தொடர்ந்து வழிகாட்டியாக இருக்கலாம். ஆனால் நல்ல காதுள்ள ஒருவர் ஒவ்வொரு நடையிலும் பக்கத்தில் நிற்கவேண்டும். அவர் எழுத்தில் சம்மதிக்கவேண்டும். இல்லையென்றால் அனுமதி இல்லை.

உனக்குப் பறவை தெரியாது. நடையும் மெதுவு. சப்பாத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் கேளாததைக் கேட்டேன் என்று நீ சொல்லமாட்டாய்.

வாறியோ?

அக்கா

*

எல்லிங்ஸ்ருட்
24 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஓம்.

படிவத்தின் ஏழாவது கேள்விக்கு 'துணையுடன், ஆம்' என்று எழுதி, நோர்வேஜிய மொழியிலான சம்மதப் பத்திரத்துடன் வட்டத்துக்கு இன்று அனுப்பிவிட்டேன். தமிழ்ப் பிரதி உங்களுக்கு. இலக்கங்களை இம்முறை பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. 17 ஓகஸ்ட் 2025 முதல், நீங்கள் நடத்தும் ஒவ்வொரு நடையிலும் உங்கள் இடப்பக்கத்தில் நிற்பேன். சப்பாத்து வாங்கிவிட்டேன்.

2. மெல்லிய சத்தம் கேட்டால் கையை உயர்த்தித் திசையைக் காட்டுவேன். அது எந்தப் பறவை என்று சொல்லமாட்டேன். அதைச் சொல்வது உங்கள் அதிகாரம்.

3. கேட்டேனா என்ற ஐயம் எழுந்தால் கையை உயர்த்தமாட்டேன், நீங்கள் முறைத்தாலும்.

4. எனக்கும் வயது ஏறுகிறது, ஐம்பத்தேழு. இந்தச் சத்தம் ஒருநாள் என்னை விட்டும் போகும். போகும்போது அது சொல்லிக்கொண்டு போவதில்லை என்பதை உங்கள் அறிக்கைகளில் கண்டேன். ஆகையால், காடு அமைதியாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றும் ஒவ்வொரு முறையும், பக்கத்தில் நிற்பவரிடம் முதலில் கேட்பேன்.

மேற்கூறியவற்றை வாசித்து விளங்கி, முழுச் சம்மதத்துடன் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) யோகராசா குகநேசன்

சாட்சிகள்:
1. ஹம்சத்வனி குகநேசன், மனைவி
2. வர்சா குகநேசன், மகள்