இரண்டு முறை எண்ணப்பட்ட தாய்மார்கள்

கோன் கேன், தாய்லாந்து
12 ஜூன் 2567

அன்புள்ள பிளோய்,

நானும் அப்பாவும் நலம், அங்கே நியூசிலாந்தில், டனீடினில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் நலமாயிருக்க வேண்டும், காலுறை இல்லாமல் பிரசவ வார்டில் நிற்காதே. அப்பாவுக்கு முட்டிவலி குறைந்தது, அந்தச் சந்தோஷத்தில் மாடிப்படி ஏறி மறுபடி வரவழைத்துக்கொண்டார். போனில் சொல்ல வாய் வராததால் மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

பிரசவத்துக்குப் பின் காய்ச்சலைத் தடுக்க மருந்து ஒரு வேளை போதும் என்று நானும் என் சக பேராசிரியர் அஜான் தவீயும் பதிப்பித்த தொகுப்பாய்வு, உங்கள் வார்டில் அதன்படிதான் கொடுக்கிறீர்கள் என்று பெருமையாகச் சொன்னாயே, அது தப்பு. பதினொரு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததாகப் போட்டிருக்கிறோம், உண்மையில் பத்துதான். பெரிய ஆய்வு நம் நாட்டில் நடந்தது, தாய்லாந்து மொழி இதழில் நம் புத்த ஆண்டுப்படி 2551 என்றும் ஆங்கில இதழில் 2008 என்றும் வந்தது, ஒரே வருடம், அதே தாய்மார்கள். 543-ஐக் கழிக்கத் தெரியாத, ஆய்வுகளைத் தொகுத்த வெளிநாட்டுக்காரர்கள் அதை இரண்டாக எண்ணியதில் வியப்பில்லை. கழிக்கத் தெரியும் என்றுதான் எங்கள் இருவரையும் பதிப்பாசிரியர்களாகப் போட்டார்கள். வேலையைப் பிரித்துக்கொண்டோம், பட்டியலை யார் சரிபார்ப்பது என்று மட்டும் பேசவில்லை. நான் கேட்டால் அவரை நம்பாத மாதிரி ஆகிவிடுமே என்று எனக்குக் கிரெங்ஜாய், பிறர் மனம் சங்கடப்படுமே என்ற நம் ஊர்த் தயக்கம், அவருக்கும் என்னிடம் அதே கிரெங்ஜாய், ஒருவர் மனம் ஒருவர் நோகாமல் இருவரும் 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்திட்டோம். இரண்டாக எண்ணிய அந்த ஆய்வில் ஒன்றைக் கழித்தால் 'போதும்' என்பது 'தெரியவில்லை' ஆகிவிடுகிறது. உனக்கு மட்டும் சொல்கிறேன் என்று எழுத வந்தேன், இல்லை, எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்: 412 தாய்மார்கள் என்ற எண் பட்டியலில் இரண்டு இடத்தில் இருந்ததை அன்றே பார்த்தேன், தவீ கவனித்திருப்பார் என்று பக்கத்தைத் திருப்பினேன்.

திருத்த அறிவிப்பில் பொறுப்பாளர் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. பேராசிரியருக்குப் பேராசிரியர் என்ற மரியாதையில், அஜான், நீங்க மூத்தவங்க, பழி என் பேர்லயே இருக்கட்டும் என்றார் தவீ. அதெப்படி, என் பேர்ல போடுங்க என்றேன் நான். இந்த உபசாரத்தில் இரண்டு நாள் போயிற்று, அந்த இரண்டு நாளும் உன் வார்டில் அதே ஒரு வேளை. கடைசியில் அவர், ஆசிரியர் குழுன்னு போட்டுடலாமே, யாருக்கும் வலிக்காது என்றார். யாருக்கும் வலிக்கக் கூடாதுன்னுதானே அஜான் இங்க வந்து நிக்கிறோம் என்று சொல்லிவிட்டு, என் பெயரைப் போட்டு அந்த 412-ஐயும் எழுதி அனுப்பினேன்.

அறிவிப்பு வெளிவரப் பத்து நாள் ஆகும், அதுவரை காத்திருக்காதே. இன்றே உன் தலைமை மருத்துவரிடம் போய்ச் சொல். பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவாய், நான் வளர்த்தது அப்படி. யார் சொன்னதென்று கேட்டால், எங்க அம்மா, தப்பு பண்ணினதும் அவங்கதான் என்று சொல். நீ தொடும் தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கட்டும், நீயும் நன்றாக இரு. முதலில் அவரைப் பார், எனக்குப் பதில் மெதுவாக எழுதலாம், எழுத மனம் வராவிட்டால் அதுவும் சரிதான்.

இப்படிக்கு,
அம்மா சுமாலி