மூன்று வருஷத்துப் பூ

9 அக்டோபர் 1997, வியாழன்

நான் வாங்கி வைத்திருக்கும் இருபது கிலோ ஹாப்ஸ் பூவும் உதவாது என்று டக்ளஸ் இன்று கடையில் வைத்துச் சொல்லிவிட்டார். கத்தவில்லை. சாக்கில் கையைவிட்டு ஒரு பிடி அள்ளினார், இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தேய்த்தார், முகர்ந்தார். பிறகு என் மூக்குக்கு நேரே கையை நீட்டினார். "என்ன வாசம் வருது, கார்மி?" என் பெயர் அவர் வாயில் இப்படிச் சுருங்கிவிட்டது.

நாள் முழுக்க ஷூவில் கிடந்த காலின் வாசம். சொல்ல வெட்கமாக இருந்தது. "கொஞ்சம் சீஸ் மாதிரி" என்றேன்.

"கொஞ்சமா?" என்றார்.

டக்ளஸ் ஸ்காட்லாந்துக்காரர், ருவைஸ் ரிஃபைனரியில் இன்ஜினீயர். அவரும் அங்கே இருக்கும் இன்னும் பதினான்கு வெள்ளைக்காரர்களும் வீட்டுக்குள் பக்கெட் வைத்து பீர் காய்ச்சுகிறார்கள். அதற்குக் கசப்பும் வாசமும் கொடுப்பது இந்தப் பூதான். நான் பூ விற்கிறேன். பக்கெட் அவர்களுடையது. அதற்கு மேல் நான் கேட்பதில்லை.

தப்பு எங்கே நடந்தது? என் தலைக்குள்தான். ஆகஸ்டில் லண்டன் தரகன் ஃபேக்ஸில் இரண்டு சரக்கு காட்டினான். போன வருஷத்து அறுவடை, முழு விலை. மூன்று வருஷத்துக்கு முந்திய அறுவடை, பாதி விலை. பழைய அரிசி புது அரிசியைவிட விலை கூட. பழைய புளி என்றால் நாட்டு வைத்தியர் தேடி வந்து வாங்குவார். இருபது வருஷம் மளிகைச் சரக்கில் புரண்டவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? பழசின் அருமை தெரியாத பயல் என்று லண்டன்காரனை நினைத்துச் சிரித்துக்கொண்டே பணம் அனுப்பினேன்.

போகும்போது டக்ளஸ் இன்னொன்றும் சொன்னார். இனி லீவில் ஊருக்குப் போகிறவர்களிடம் பூவைப் பெட்டியில் கொண்டுவரச் சொல்லிவிடுவார்களாம். அப்படியானால் நாலு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு பர் துபாயில் என் கடைக்கு எதற்கு வருவார்கள்? பூவுக்கென்று வருகிறவர்கள்தான் அரிசி, மசாலா, ஊறுகாய் என்று டிக்கி நிறைய ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ருவைஸ் போனால் கடையில் பாதி போச்சு.

நவம்பர் முதல் வியாழன் வரை டைம் கேட்டேன். தலையாட்டினார். சிரிக்கவில்லை.

10 அக்டோபர், வெள்ளி

பக்கத்துக் கடை மூசா காக்கா கீழக்கரைக்காரர், பேரீச்சையும் ஏலக்காயும் விற்கிறவர். விஷயம் தெரிந்து விழுந்து விழுந்து சிரித்தார். "கொண்டுபோய் கிரீக்ல கொட்டு தம்பி. மீனாவது நல்லாத் தூங்கும்."

"அப்ப நல்ல பூவை எப்படிப் பாத்து வாங்குறது காக்கா? நீங்க ஏலக்காய்ல பழம் தின்னு கொட்டை போட்டவராச்சே."

"பூ வரைக்கும் கேளு, சொல்றேன். பூவுக்கு அப்புறம் என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. தெரியவும் வேணாம்." பிறகு சொன்னார்: "நிறத்தைப் பாத்து ஏமாறாதே. பச்சையா இருக்குற ஏலக்காயெல்லாம் ஏலக்காய் இல்ல."

வீட்டில் சரசு விடவில்லை. "பழசு பழசுன்னு வாங்கிட்டு வந்தீங்களே, என்னையும் அப்படித்தான் பாத்துக் கட்டுனீங்களா?"

கொட்டிவிடுகிறேன் என்றேன். "காசு குடுத்ததையா? கிடக்கட்டும். சோறா கேக்குது?" என்றாள். மூட்டை கடைக்குப் பின்னால் ஸ்டோரில் வெங்காயத்தோடு கிடக்கிறது.

15 அக்டோபர், புதன்

லண்டனிலிருந்து கூரியரில் மூன்று மாதிரிகள் வந்தன. மூன்றும் இந்த வருஷத்து அறுவடை. இந்த முறை ஃபேக்ஸில் அதைக் கோடு போட்டு எழுதியிருந்தேன்.

முதல் பொட்டலம் மரகதம் மாதிரி பச்சை. பார்த்ததும் மனசு அதில் போய் உட்கார்ந்துவிட்டது. டக்ளஸ் செய்த மாதிரி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். கையில் ஒன்றும் ஒட்டவில்லை. வைக்கோல் வாசம். இரண்டாவதில் மிளகு மாதிரி ஒரு காரம், பரவாயில்லை. மூன்றாவது வெளுத்த பச்சை, இதழ்கூட உடைந்திருந்தது. ஆனால் தேய்த்தால் மஞ்சள் பொடி உதிர்ந்து பிசின் மாதிரி ஒட்டிக்கொள்கிறது, நாரத்தைத் தோலைக் கிள்ளின மாதிரி வாசம்! சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. சாயந்திரம் டீ குடித்தேன், டீயிலும் நாரத்தை.

மூன்றாவதில் ஐந்து கிலோ சொல்லிவிட்டேன். காக்கா சொன்னது சரிதான், கண்ணை நம்பக்கூடாது.

16 அக்டோபர்

பணம் அனுப்பியாயிற்று. இனிப் பின்வாங்க முடியாது.

24 அக்டோபர், வெள்ளி

சரக்கு நேற்றுக் கார்கோவில் இறங்கியது. நானே போய் எடுத்தேன். டாக்ஸியில் ஏசியை முழுசாக வைக்கச் சொல்லி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அல் குசைஸ் வீட்டுக்கு நேராக வந்தேன். வெயிலும் காற்றும் வெளிச்சமும் இந்தப் பூவுக்கு எமன். டக்ளஸுக்கு டெலிபோன் போட்டு எப்படி வைப்பது என்று கேட்டிருந்தேன். "காத்து இல்லாம கட்டு, ஃப்ரீஸரில் போடு" என்று இரண்டே வாக்கியத்தில் சொல்லி வைத்துவிட்டார். இன்னும் கோபம் போகவில்லை.

ஃப்ரீஸர் சரசுவுடையது. தேங்காய்த் துருவல், முருங்கைக்கீரை, வாளை மீன் எல்லாம் பொட்டலம் போட்டு அக்கம்பக்கத்து பேச்சிலர்களுக்கு விற்கிறாள். அவளுக்கும் அது ஒரு கடை.

"பாதி இடம் குடு" என்றேன்.

"தீபாவளி வாரத்துல தேங்காய்த் துருவலை எங்க வைப்பேன்? உங்க தலையிலயா?"

"பதினஞ்சு நாள்தான் சரசு. இது போச்சுன்னா ருவைஸ் போச்சு."

இட்லிப் பொடிக்குப் பாக்கெட் ஒட்டுகிற மெழுகுவத்தியையும் ஆக்ஸா பிளேடையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கெட்டி பாலிதீன் பையில் கால் கிலோ பூ, ஜூஸ் குடிக்கிற குழாயை உள்ளே விட்டுக் காற்றை வாயால் உறிஞ்சியெடுத்து, பையின் வாயைப் பிளேடு மேல் மடித்து, சுடரில் ஓர் இழுப்பு. பை செங்கல் மாதிரி இறுகிவிட்டது. வெளியே அலுமினிய ஃபாயில், அதற்கு மேல் அவளே தேதி எழுதினாள். இருபது பொட்டலம். கடைசியில் அவளுக்குத் தும்மல் நிற்கவில்லை, எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை. சிரிக்கச் சிரிக்க இன்னும் தும்மினாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு வெள்ளிக்கிழமை வந்ததில்லை.

வலது பக்கம் பூ, இடது பக்கம் மீன். நடுவில் அட்டை.

28 அக்டோபர்

ஃப்ரீஸரைத் திறந்து ஒரு பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தேன். "குழந்தை தூங்குதா?" என்றாள் சரசு பின்னாலிருந்து.

5 நவம்பர், புதன்

நாளைக்கு வருவார்களா? காலையிலிருந்து போன் இல்லை. வராவிட்டால்? காக்கா சொல்கிறார், "வராட்டி ஏலக்காயோட கலந்து வித்துடலாம்." சிரிக்கத் தோன்றவில்லை.

6 நவம்பர், வியாழன்

வந்தார்கள்! டக்ளஸும், கூட ஒரு நெட்டையான ஆளும். யோஸ் என்று பெயர், பெல்ஜியம்காரர், அதே ரிஃபைனரியில் பம்ப் செக்‌ஷன்.

ஐஸ் பெட்டியில் கொண்டுபோயிருந்த பொட்டலத்தைக் கிழித்து டக்ளஸ் கையில் கொட்டினேன். தேய்த்தார். முகர்ந்தார். இரண்டு கையையும் தாடியில் துடைத்துக்கொண்டார், அந்த வாசம் வழியெல்லாம் கூட வரட்டும் என்கிற மாதிரி. "யார் பேக் பண்ணினது?" என்றார். என் மனைவி என்றேன். "ரிஃபைனரியில் அவங்களுக்கு வேலை இருக்கு" என்றார். ஒரு மாதத்துக்கப்புறம் அந்த மனிதர் சிரித்தார்.

திரும்பிப் பார்த்தால் யோஸைக் காணோம். ஸ்டோருக்குள்ளிருந்து சத்தம். ஓடினேன். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே முட்டிபோட்டு உட்கார்ந்து, பழைய பூ மூட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறார்! வெளியே எடுத்தபோது கண் மூடியிருந்தது, சாம்பிராணிப் புகை வாங்கினவர் மாதிரி.

"இது எத்தனை வருஷம்?"

பொய் சொல்ல நாக்குத் துடித்தது, எந்தப் பக்கம் பொய் சொல்வது என்றுதான் தெரியவில்லை. "மூணு" என்று உண்மையைச் சொன்னேன்.

"ஃப்ரீஸரில் வைத்தாயா?"

"இல்லை. சாக்கில். வெங்காயத்தோடு."

என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அவர்கள் ஊரில் ஒரு புளித்த பீர் உண்டாம், பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடக்குமாம். புதுப் பூ போட்டால் கசந்துவிடும். கசப்பெல்லாம் செத்து, பீரைக் கெடாமல் காக்கிற குணம் மட்டும் மிஞ்சியிருக்க வேண்டும். அதற்காகவே பூவைப் பரணில் மூன்று வருஷம் போட்டு வைப்பார்களாம். கால் வாசம் காய்ச்சும்போது போய்விடுமாம். இந்த வெயில் நாட்டில் அது கிடைக்குமென்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

"இவன் பைத்தியம்" என்றார் டக்ளஸ்.

பழைய புளிக்கு உலகத்தில் இன்னொரு சொந்தக்காரன்! எனக்கு அழுகை வருகிற மாதிரிச் சந்தோஷம். காலையில் கேட்டிருந்தால் சும்மாவே தூக்கிக் கொடுத்திருப்பேன். "எவ்வளவு?" என்று அவர் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தேன். வாசலில் நின்றுகொண்டிருந்த மூசா காக்கா தமிழில் மெதுவாகச் சொன்னார்: "சிரிக்காதே தம்பி. சிரிச்சா விலை போயிடும்."

உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

பேசி முடித்தது இது. பழைய பூ இருபது கிலோவும் யோஸுக்கு, கிலோ தொண்ணூறு திர்ஹம். புதுப் பூ டக்ளஸுக்கும் கூட்டத்துக்கும், கிலோ எழுபது. அடுத்த அறுவடையிலிருந்து வருஷத்துக்குப் பத்துக் கிலோ சாக்கில் கட்டி, வெங்காயத்தோடு மூன்று வருஷம் நான் போட்டு வைக்க வேண்டும், யோஸ் பாதிப் பணம் முன்கூட்டியே தருவார். புதுப் பூவைச் சரசுவைத் தவிர யாரும் பொட்டலம் போடக்கூடாது. இது டக்ளஸ் போட்ட நிபந்தனை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் தன் நிபந்தனையைச் சொன்னாள்: பொட்டலத்துக்கு இரண்டு திர்ஹம் அவள் கையில், கடைக் காசில் பூவுக்குத் தனி ஃப்ரீஸர், பழைய ஃப்ரீஸர் மறுபடி முழுசாக அவளுக்கு. சரி என்றேன்.