ஒன்பது நாற்காலி மேசையில் பொன்மலைக்காரி

போன வாரம் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். மதியச் சாப்பாடு முடிந்து வந்தவர்களில் பாதிப் பேர் கிளம்பியிருந்தார்கள். மண்டபத்து மாடியில் மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் சிலர் ஜமக்காளத்தை விரித்து ஒரு புதுச் சீட்டுக்கட்டைப் பிரித்தார்கள். கண்ணாடித்தாள் கிழிந்ததும் அந்த வாசனை வந்தது. புது நோட்டின் மையும் மெழுகும் கலந்தது போல ஒன்று. உன் கார், உன் கைப்பை, உன் விரல் நுனி எல்லாவற்றிலும் இருந்த வாசனை. நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

"ஒரு கை குறையுது, உக்காருங்களேன்க்கா" என்றார் ஒருவர்.

"எனக்கு ஆடத் தெரியாதுங்க" என்றேன். நிஜம்தான். போக்கர் ஆடியே பிழைத்தவளின் பக்கத்து வீட்டில் அத்தனை வருஷம் இருந்தும் நான் ஓர் ஆட்டம்கூடக் கற்றுக்கொள்ளவில்லை.

நாம் முதலில் பேசியது நெவாடாவில், நம் அபார்ட்மெண்டின் துணி துவைக்கும் அறையில். நீ காசு போட்டும் ஓடாத மெஷினை ஓர் உதை உதைத்து, "சனியனே, இதையும் முழுங்கிட்டியா" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தாய்.

"எந்த ஊருங்க?"

"ஸ்ரீரங்கம்."

"நான் பொன்மலை. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஃபிட்டரா இருந்தாரு."

துணி காய்ந்து ஆறிய பிறகும் நாம் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த வாரம் 'ங்க' போய் 'டீ' வந்துவிட்டது.

அப்போது நீ ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாய். அதற்கு முந்தைய வருஷம்தான் விவாகரத்து ஆகியிருந்தது. சாயங்காலம் ஹோட்டலுக்குப் போனால் வாசலில் நிற்கும் பெண் 'ஒருவர்தானா?' என்று கேட்டுவிட்டுத்தான் மேசை காட்டுவாள் என்று சொன்னாய். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் சூதாட்ட விடுதியின் போக்கர் கூடத்துக்குள் முதல்முறை போனாய். "அங்க மட்டும்தான்டி தனியாப் போய் உக்காந்தா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க." கொஞ்ச நாளில் அதில் நீ கெட்டிக்காரி என்பது தெரிந்தது. பிறகு லேப் வேலையை விட்டாய்.

நான் சினிமாவில் பார்த்ததை வைத்து உன்னை என்னவோ நினைத்திருந்தேன். நீ சிரித்தாய். "நாள் முழுக்க வர்ற சீட்டைக் கீழ வெச்சுட்டுச் சும்மா உக்காந்திருக்கறதுதான் வேலை. அதுக்குப் பொறுமை இல்லாதவன் தோத்துடுவான்." காலையில் டிபன் டப்பாவோடு கிளம்புவாய், இருட்டுவதற்குள் திரும்பிவிடுவாய். லேபுக்குப் போனபோதும் அப்படித்தான் போய் வந்தாய்.

மேசையில் இருந்தவர்களை எனக்கு உன் வாய்வழியாகத்தான் தெரியும். சர்ச் முடிந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் வருகிற பல் டாக்டர். பெரிய போட்டி ஒன்றில் ஜெயித்து டிவியில் வந்த இளைஞன். அவன் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் நிமிர்ந்துகொள்வார்களாம். அவனையே ஒரு மதியம் பார்க்கிங்கில், காருக்குள் தனியாக பர்கர் தின்றபடி ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருக்கக் கண்டாய். அதற்குப் பிறகு அவனிடம் ஆடுவதற்கு உனக்குப் பயம் போய்விட்டது. அதில் சந்தோஷம் இல்லை என்றும் சொன்னாய். அப்புறம் நீ 'தொப்பி மாமா' என்று பெயர் வைத்த ஓய்வுபெற்ற லாரி டிரைவர். எப்போதும் தன் நாயைப் பற்றியே பேசுவார். நல்ல சீட்டு வந்தால் மட்டும் நாயை மறந்துவிடுவார். அவரிடம் தோற்கிறவர்கள் புதிதாக வந்தவர்கள்தான்.

உன் அப்பா ஊரிலிருந்து வந்தது அந்த நாட்களில்தான். மகள் இன்னும் ஆஸ்பத்திரி வேலையில் இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டு வந்தார். ஒரு நாள் நீ 'டியூட்டிக்கு'ப் போன பிறகு என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ஏம்மா, இவ எங்க வேலைக்குப் போறா? முன்னாடி லீவுல வந்தப்பல்லாம் இவமேல ஒரு மருந்து வாசனை அடிக்கும். இப்ப இல்லியே."

நான் காபி கலக்கப் போனவள் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். அன்று சாயங்காலம் உன்னிடம் சொன்னேன். நீ மறுநாளே அவரைக் காரில் ஏற்றிக்கொண்டாய். துணைக்கு என்னையும்.

கூடத்தில் பித்தளைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். வேட்டியை விட்டுப் பேண்ட் போட்டிருந்த உன் அப்பா கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். நடுவில் தொப்பி மாமா எழுந்து வந்து அவருக்கு வறுத்த கடலைப் பாக்கெட் ஒன்றைக் கொடுத்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை இல்லை. உன் அப்பாவும் எழுந்துகொண்டார்; கடலை தீரும்வரை சேர்ந்து நின்றார்கள்.

திரும்பும்போது நீ ஏதாவது திட்டு விழும் என்று காத்திருந்தாய். பாலைவனத்துச் சாலையில் வெகுதூரம் வந்த பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

"நீ என்ன ஆடறேன்னு எனக்குப் புரியலம்மா. தப்பா ரைட்டான்னும் தெரியல. ஆனா காலையிலேருந்து பாக்கறேன், நீ யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசல. அத்தனை பேரு நடுவுல இப்படித் தனியாவா உக்காந்திருக்கணும்?"

நீ சாலையைப் பார்த்தே ஓட்டினாய். கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. அந்த முகத்துக்குத்தான் போக்கர் மேசையில் பெயர் எடுத்திருந்தாய்.

நானும் என் கணவரும் ஊருக்குத் திரும்பியபோது, அவர் சொன்னபடி அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்குவதற்கான பச்சை அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். இரண்டாம் வருஷம் அவர் காலமாகிவிட்டார். அதன் பிறகு தினமும் நீ ஆட்டம் முடிந்து காரோட்டிக்கொண்டே கூப்பிடுவாய். உனக்குச் சாயங்காலம், எனக்குக் காலைக் காபி. சிக்னலில் நின்றால் வீடியோவைத் திருப்பி முகம் காட்டுவாய். "நல்லாத்தான் இருக்கேன். நீ சாப்பிட்டியா?"

கடைசி மாதங்களிலும் அதே முகம், அதே வார்த்தை. நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. உன் நம்பரிலிருந்து தொப்பி மாமாவின் குரல் வந்தபோதுதான் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கும் பந்தய வில்லைகளை நீ அடுக்குகிற விதம் மாறிவிட்டதாம். எப்போதும் செங்கல் மாதிரி இருக்கும் அடுக்கு சரிந்து சரிந்து விழுந்ததாம். அதைப் பார்த்துத்தான் கேட்டேன் என்றார். அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு உன்னை அழைத்துப்போனது அவர்தான்.

உன்னிடம் கேட்டேன். குரல் உயர்ந்துதான் கேட்டேன். "அவர்கிட்ட சொல்லத் தோணிச்சு, என்கிட்ட தோணலையா?"

"அவர்கிட்ட சொன்னா வண்டிய எடுத்துட்டு வருவாரு. உன்கிட்ட சொன்னா நீ அங்க உக்காந்து அழுவே. வேற என்னடி செய்ய முடியும் உன்னால?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாய். "ஒண்ணு செய். அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு மட்டும்தான் தெரியும். நான் போனப்புறம் நீ நேர்ல போய்ச் சொல்லு. போன்ல வேண்டாம்."

விசாவுக்கு எழுதிப்போட்டேன். நேர்காணலுக்கு அவர்கள் கொடுத்த தேதி வருவதற்குள் நீ போய்விட்டாய்.

பொன்மலைக்குப் பஸ்ஸில் போனேன். ஒர்க்‌ஷாப் ஷிப்ட் விட்ட நேரம், சைக்கிளும் பைக்குமாகச் சாலை நிறைந்திருந்தது. உன் அப்பா வெயிலுக்கு வாசலில் கோணி கட்டிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் முகத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளப் பழகிக்கொண்டு போனேன். எனக்கு அது வரவில்லை. என்னைப் பார்த்ததுமே கயிற்றை விட்டுவிட்டார். நான் சொல்லி முடிக்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"கடைசியில கூட யாராவது இருந்தாங்களாம்மா?"

"இருந்தாங்கப்பா. கடலை குடுத்தாரே, அவரு கையப் பிடிச்சுட்டு இருந்தாரு. மேசைக்காரங்க எல்லாரும் முறை போட்டு வந்து உக்காந்தாங்களாம். டிவியில வந்த அந்தப் பையன்கூட வந்தானாம்."

"பேசிட்டிருந்தாங்களா?"

"தொப்பிக்காரரு நாயைப் பத்திப் பேசிட்டே இருந்தாராம். இவ சிரிச்சாளாம்."

அவர் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பஸ் நிறுத்தம் வரை கூட வந்து ஏற்றிவிட்டார்.

இங்கே என் வீட்டில் நாலு அறை. கோயிலுக்குப் போய்வந்தால் அன்றைக்கு யாரிடமாவது பேசியிருப்பேன். போகாத நாளில் பேச்சே இருக்காது. முழங்கால் வலிக்கு டாக்டர் புதிதாக ஏதோ சொல்லியிருக்கிறார், தனியாக மாடிப்படி ஏறக் கூடாதாம். நேற்று பெங்களூரிலிருந்து மகள் வீடியோவில் வந்தாள். "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டு, திரைக்கு அருகில் வந்து உற்றுப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கேன். நீ சாப்பிட்டியா?" என்றேன். உன் குரல் அப்படியே என் வாயில் வந்தது. என் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

அவள் நம்பிவிட்டாள்.