நீ பகிர்ந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கீழே படித்தால் தெரியும். நீ நன்றாக இருப்பது நீ போடும் படங்களில் தெரிகிறது, கழுத்தெலும்பு துருத்துகிற அளவுக்கு இளைத்திருப்பதும் அதிலேயே தெரிகிறது. அந்த இருமல் விட்டதா இல்லையா? உன் செய்தி வந்து பதினோரு நாள் ஆகிறது. "அம்மா, பாத்தியா? நாலாயிரம் பேர் பாத்துட்டாங்க, உன் மேனேஜரே எனக்கு நன்றி சொல்லியிருக்கார்" என்று குதித்துக்கொண்டு அனுப்பியிருந்தாய், நான் கட்டைவிரல் பொம்மை ஒன்றை மட்டும் திருப்பி அனுப்பினேன். அது பதில் இல்லை. போனில் சொல்லலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டேன், மூன்று தடவையும் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்றாய். நாலாவது தடவை நீ எடுத்திருந்தாலும் நான் பாதியில் அழுதிருப்பேன். அதனால் தாமதமானாலும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன், எழுத்தில் அழுதால் உனக்குக் கேட்காது.

எங்கள் லேப் மேனேஜர் உத்தியோகக்காரர்கள் எழுதும் அந்த இணையதளத்தில் எழுதியதை நீ எடுத்து உன் பக்கத்தில் பகிர்ந்தாயே, அதைப் பற்றித்தான். ரத்த மாதிரிகள் ஆள் மாறிப் போகாமல் இருக்க வண்ணப் பொட்டு ஒட்டும் முறையைத் தான் எப்படி யோசித்துக் கண்டுபிடித்தேன் என்று அவர் எழுதியிருந்தார். அதற்கு மேலே நீ, "இப்படி ஒரு தலைவரிடம் வேலை பார்க்க என் அம்மாவுக்குக் கொடுத்து வைத்திருக்கிறது" என்று எழுதி, அவர் பெயரையும் சேர்த்து, கடைசியில் "உங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு தலைவர் உண்டா?" என்று கேள்வி வேறு போட்டிருந்தாய். இருநூறுக்கு மேல் ஆட்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். நானும் எழுதப் பார்த்தேன், நாலு தடவை அடித்து நாலு தடவையும் அழித்தேன். சூப்பர்வைசர் வேலைக்கு நான் விண்ணப்பம் போட்டிருப்பது உனக்குத் தெரியும். அதில் நான் எழுதிய ஒரே பெரிய விஷயம் அந்தப் பொட்டு முறை என்னுடையது என்பதுதான். மற்றபடி பதினாறு வருஷம் ஊசி குத்தியதை எல்லோரும்தான் எழுதுவார்கள். மறுநாளே நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. மேனேஜர் பக்கத்தில் நின்று போனை மேசைமேல் வைத்தார், உன் படம், உன் சிரிப்பு, உன் வரி. "உங்க பொண்ணே எழுதியிருக்காங்களே மேடம், வீட்டுல ஒண்ணு, விண்ணப்பத்துல ஒண்ணா?" என்று அதிகாரி கேட்டார். மேனேஜர் ரொம்பப் பெரிய மனசுக்காரர் மாதிரி, "விடுங்க சார், ஆசையில எழுதிட்டாங்க, டீம் வேலைதானே" என்றார். என் மகள் அறியாமல் எழுதிவிட்டாள் என்று சொல்ல வாயெடுத்தேன், அப்படிச் சொன்னால் நாலாயிரம் பேர் முன்னால் நீ படிக்காமல் பேசுகிறவள் என்று ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அங்கேயும் உன்னைத்தான் பார்த்தேன். என்னை யார் பார்த்தார்கள்?

நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். மேனேஜரைக் குளிரவைத்தால் அம்மாவுக்கு வேலை கிடைக்கும் என்று நினைத்திருப்பாய். போன தடவை நீ வந்தபோது சாப்பாட்டு மேசையில் எனக்குப் பாடம் எடுத்தாயே, அது அப்படியே என் நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. "வெறுமனே பட்டனை அமுக்கினா ஒருத்தரும் பாக்க மாட்டாங்கம்மா. மேல ரெண்டு வரி நீயா எழுதணும், எழுதினவங்க பேரைப் போடணும், உனக்குத் தெரிஞ்ச ஒண்ணைச் சேர்க்கணும், கடைசில ஒரு கேள்வி, எல்லாம் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள." நானும் நல்ல மாணவி மாதிரி எழுதிக்கொண்டேன். முழுசாகப் படிக்கணும் என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்தவர் எழுத்தை நம் பக்கத்தில் போடுவது அவருக்காகச் சாட்சி சொல்வது மாதிரி, அந்தச் சாட்சியை நீ உன் அம்மாவுக்கு எதிராகச் சொல்லிவிட்டாய். உன் அப்பா லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்தில் யாரோ இதைக் காட்டியிருக்கிறார்கள், வந்து கையைக்கூடக் கழுவாமல் "பெத்தது நீ, வாழ்த்து டாக்டருக்கா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் அவரும் நிறுத்திவிட்டார். அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இல்லை, அதைக்கூட அவர் சொல்லவில்லை.

என் தப்பும் இதில் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். இந்த மேனேஜர் ஒரு வருஷமாகவே வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் பொட்டு முறை தன் யோசனை என்று சொல்லித் திரிகிறார், உன்னிடம் நான் மூச்சு விட்டதில்லை. வேலை எப்படிப் போகுது என்று நீ கேட்கும்போதெல்லாம் நல்லாப் போகுது என்றே சொன்னேன், நீ அங்கே தனியாக இருக்கிறாய், உன் தூக்கத்தைக் கெடுப்பானேன் என்று. இருபது வயதில் உன்னைப் பெற்று, உன்னைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே பாடம் படித்துப் பட்டம் வாங்கியவள் நான், உன்னை எழுப்பாமல் எல்லாம் செய்து செய்து அதுவே பழகிவிட்டது. ஆனால் சிட்டு, மேனேஜர் திருடியதைவிட எனக்கு வலிப்பது வேறு. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரே பெயரில் இரண்டு பெண்கள் வந்து, ஒருத்தியின் ரத்தப் பரிசோதனை முடிவை நான் இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டேனே, இல்லாத வியாதிக்காக அந்தப் பெண் ஒரு நாள் முழுக்க அழுதாளே, அன்றைக்கு நான் வந்து குளியலறையில் உட்கார்ந்திருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நீதான் கதவைத் தட்டித் தட்டி வெளியே வரவைத்தாய். அதற்கப்புறம்தான் இந்த யோசனை வந்தது. நோயாளியே தனக்குப் பிடித்த நிறத்தை எடுத்து, ஒரு பொட்டைத் தன் சீட்டிலும் ஒரு பொட்டைத் தன் ரத்தக் குப்பியிலும் தன் கையாலேயே ஒட்டவேண்டும், பெயர் ஒன்றாக இருந்தால் அடுத்தவருக்கு அந்த நிறம் கிடையாது. ஆஸ்பத்திரியில் ஸ்டிக்கருக்குக் கேட்டபோது "இதெல்லாம் பட்ஜெட்ல வராதும்மா" என்று சொன்னவர் இதே மேனேஜர். வண்ணத் தாளை வாங்கிவந்து வீட்டில் வெட்டினோம். வெட்டினது யார்? நீ. பள்ளிக்கூடத்துக் கைவேலைக்கு வாங்கின நெளிநெளிக் கத்தரிக்கோலால்தான் வெட்டுவேன், சும்மா வட்டம் அசிங்கமாக இருக்கு என்று அடம்பிடித்து, கட்டைவிரலில் கொப்புளம் வரும்வரை வெட்டினாய். நீ போனபிறகும் அதே கத்தரிக்கோலால் நான் வெட்டுகிறேன். நீ அவருடைய எழுத்தை முழுசாகப் படிக்கவில்லை, பொட்டு என்ற வார்த்தையே அதில் கடைசியில்தான் வருகிறது, போகட்டும். அதற்குக் கீழே இருந்த படத்தையாவது பார்த்திருக்கலாம். அவர் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாரே, அந்தத் தட்டில் இருக்கும் குப்பிகளைப் பெரிதாக்கிப் பார். உன் கத்தரிக்கோலை உனக்கே அடையாளம் தெரியவில்லையா?

அந்தப் பகிர்வை அழித்துவிடட்டுமா என்று கேட்பாய், அழிக்காதே. அழித்தால் நான் சொல்லி அழித்தாய் என்று அதற்கும் மேனேஜர் ஒரு கதை கட்டுவார். வருகிற வெள்ளிக்கிழமை காலை நேர்காணல், மூன்று பேர் உட்காருவார்கள், மூன்று பேரும் அந்தத் தளத்தில் இருக்கிறார்கள். நான் சொல்வதை இனி நம்பமாட்டார்கள், நீ சொன்னதைத்தான் நம்பினார்கள், அதனால் திருத்தமும் நீதான் சொல்லவேண்டும். அதே படத்தை மறுபடி பகிர், நீ எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே செய். அவரைத் திட்டி ஒரு வார்த்தை வேண்டாம். நான் படிக்காமல் எழுதிவிட்டேன் என்று முதல் வரி. யோசித்தது யார் என்று அடுத்த வரியில் என் பெயர். உனக்குத் தெரிந்த ஒன்றைச் சேர்க்கணும் என்றாயே, அந்தக் கொப்புளத்தைச் சேர். உன் அலுவலகத்தில் நாலு பேர் சிரிப்பார்கள், வெட்கமாகத்தான் இருக்கும், எனக்கும் அந்த அறையில் நின்றபோது இருந்தது. உனக்கு மனசு வராவிட்டால் செய்யாதே, நான் மறுபடி கேட்கமாட்டேன், வெள்ளிக்கிழமை போய் உட்கார்ந்துவிட்டு வருவேன், நீ கூப்பிட்டால் நல்லாப் போகுது என்று சொல்வேன், அவ்வளவுதான்.

ராத்திரி ஈரத்தலையோடு படுக்காதே, வெந்நீர் குடி, எதையும் கடைசி வரி வரைக்கும் படித்தபிறகு கையை வை. கோபத்தில் எழுதினாலும் நீ குறையில்லாமல் இருக்கவேண்டும் என்றுதான் ஒவ்வொரு வரியிலும் நினைத்துக்கொண்டேன், அப்பாவும் அப்படியே சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் அம்மா.

கடைசியில் என்ன கேள்வி போடுவது என்று யோசிக்காதே, அதையும் நானே எழுதிவைத்திருக்கிறேன்: "இந்தப் பொட்டுகளின் ஓரம் ஏன் நெளிநெளியாக இருக்கிறது? மேனேஜர் சார், உங்களுக்குத் தெரியுமா?"