துண்டுக்குள் கொடுத்த இரண்டு விரல்

நேற்று குடோனில் தார்ப்பாய் கிழிந்துவிட்டதென்று ஒட்டுப்போட சொலூஷன் டியூப்பைத் திறந்தார்கள். அவ்வளவுதான், கல்லாவில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். கூரை முட்ட ஏலக்காய் மூட்டை அடுக்கியிருக்கிற இடம் அது. அத்தனை வாசனையையும் அமுக்கிவிட்டு ஒரு சொட்டு ரப்பர் பசை மேலே வருகிறது பார். உன் கடை வாசனை.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உன் சைக்கிள் கடையில் இப்போது பாட்டுக் கேசட் விற்கிறார்கள். உன் பெஞ்சை மட்டும் வாசலில் போட்டிருக்கிறார்கள், அதில் யார் யாரோ உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். கம்பம் பஜாரில் எனக்குத் தெரியாத ஆள் கிடையாது. காலையில் கடை திறந்ததிலிருந்து மூடுகிற வரை வணக்கம் போடுகிறவர்களுக்குக் குறைச்சலில்லை. என்னை ‘போடா’ என்று சொல்லத்தான் ஆளில்லை.

நாம் சண்டை போட்ட விஷயத்தை இன்றைக்கு யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். புட்பாலில் நல்ல ஸ்டாப்பர் பேக் யார்? கோல் போடுகிறவனைப் பற்றி ஊரே பேசும். கோல் விழவிடாமல் நடுவில் நிற்கிறவனைப் பற்றி நீயும் நானும்தான் பேசினோம். ஒன்று இரண்டு மூன்று என்று வரிசை போட ஆரம்பிப்போம். ஒரு நாளும் மூன்றாவது ஆளைத் தாண்டியதில்லை, அதற்குள் எவனாவது பஞ்சர் ஒட்ட வந்துவிடுவான்.

எனக்கு உத்தமபாளையத்துத் தச்சர்தான் பெரிய ஆள். ஆறடி உயரம். அவர் பாய்ந்து விழுந்து பந்தைத் தட்டினால் மைதானமே எழுந்து நிற்கும். நீ அதற்கு உதட்டைப் பிதுக்குவாய்.

“ஏலே காய்க்காரா, அவரு பறந்து விழுந்தா நீ கை தட்டுற. ஏன் பறந்தாருன்னு யோசிச்சியா? நிக்க வேண்டிய எடத்துல நிக்கல. அதான் பறந்தாரு.”

“அப்ப சும்மா நிண்டுக்கிட்டே இருக்கவன்தான் பேக்கா? கோயில் தூணைப் பேத்துக் கொண்டாந்து நிப்பாட்டிருவமா?”

“தூணு எடம் மாறி நிக்குமாடா? பார்வர்டு எங்கன திரும்புவான்னு அவனுக்கே தெரியிறதுக்கு முன்னாடி இவன் அங்கன நிக்கணும். ஆட்டம் முடிஞ்சு வரும்போது சட்டையில மண்ணு இருக்கப்படாது. அவன்தான் பேக்கு.”

கல்கத்தாவில் ஆடுகிறவர்களையும் விட்டுவைக்கவில்லை. ரேடியோவில் மலையாளத்தில் கமெண்ட்ரி வரும். நீ குமுளியில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவன், நீ சொல்வதுதான் எனக்குத் தமிழ். உனக்குப் பிடித்த பேக் பந்தைத் தொட்டால் மட்டும் அவர்கள் ஒரு வார்த்தை சொன்னதற்கு நீ பத்து வார்த்தை சொல்வாய்.

“அந்த நெட்டையன் மாதிரி ஆளை இந்தியாவுலயே நான் பாத்ததில்ல” என்பேன்.

“நீ எங்கன பாத்த?”

“ரேடியோவுலதான்.”

“ரேடியோவுல பாத்தானாம்ல!” என்று நீ தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுச் சொல்வாய். “கண்ணாடி போட்டுப் பாத்தியா, போடாமப் பாத்தியா?”

அப்போதுதான் பாண்டி ஆட வந்தான். சுருளிப்பட்டிக்காரன். தினமும் சைக்கிளில் வந்து நம் பஜாரில் மூட்டை தூக்கினான். குட்டையான ஆள். பூட்ஸ் கிடையாது, வெறுங்கால். முதல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே நான், “இவன் என்னத்தை ஓடுறான், நடந்துக்கிட்டு இருக்கான்” என்றேன். ஆட்டம் முடிந்து அவன் கிட்டே வந்ததும் அவன் சட்டையைப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினாய். வெள்ளைச் சட்டை, வெள்ளையாகவே இருந்தது. பாண்டி ஒன்றும் புரியாமல் நெளிந்தான்.

இரண்டு வருஷம் அவனைப் பார்த்தபிறகு எனக்கும் தெரிந்துவிட்டது. அதை உன்னிடம் ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஒத்துக்கொண்டால் சண்டை போட என்ன இருக்கிறது?

நம் ஊர் டோர்னமென்டில் சிறந்த பேக்குக்கு ஒரு கப் உண்டு. அதைத் தேர்ந்தெடுக்க மூன்று பேர்: கமிட்டித் தலைவர், நீ, நான். கமிட்டியில் பாதிப்பேர் ஏலக்காய் வியாபாரிகள் என்பதால் அதையும் காய்க்குத் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதுபோலவே வைத்திருந்தோம். தலைவர் கையும் நம் கையும் துண்டுக்குள் இருக்கும். மூன்று பேக்குகளைக் குறித்து வைத்திருப்போம். முதல் ஆளென்றால் ஒரு விரல், இரண்டாம் ஆளென்றால் இரண்டு. முதலில் உன் கை, பிறகு என் கை, அப்புறம் தலைவர் தன்னுடையதைச் சேர்த்துக்கொள்வார். எந்தப் பக்கம் இரண்டு பேரோ அவனுக்குக் கப். துண்டுக்குள் நடந்ததை வெளியே சொல்லக்கூடாது. சொன்னவனோடு பஜாரில் எவனும் கை கோர்க்கமாட்டான். “பந்துக்கும் ஏலக்காய் யாவாரமாடா?” என்று நீ சிரித்தாய், ஆனால் ஒப்புக்கொண்டாய். ஒப்புக்கொண்டதை நீ மீறுகிறவன் இல்லை.

அந்த வருஷம் மதுரையிலிருந்து ஒரு மில்காரர் வந்திருந்தார். தங்கள் டீமுக்கு ஸ்டாப்பர் வேண்டும், இங்கே பேக் கப் வாங்குகிறவனைக் கூட்டிப் போகிறோம், மில்லிலேயே வேலையும் போட்டுக் கொடுக்கிறோம் என்று மேடையிலேயே சொன்னார். பாண்டிக்கு அப்போது கல்யாணம் ஆகிப் புதிது. பைனலுக்கு முந்தின நாள் என் குடோனில் மூட்டையை இறக்கிவிட்டு, “மொதலாளி, மதுரையில குடித்தனம் வைக்க வாடகை ரொம்ப ஆகுமா?” என்று கேட்டான். ஆகாது என்று சொன்னேன்.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அதற்கு ஒரு வாரம் முன்னால் மலை எஸ்டேட் மேனேஜர் என் கடைக்கு வந்திருந்தார். எஸ்டேட் டீமில் அவர்கள் கிளார்க் ஒருவர் ஸ்டாப்பராக ஆடினார், நல்ல உயரம், பாய்ந்து பாய்ந்து ஆடுவார். மேனேஜர் டீயைக் குடித்துவிட்டு, “எங்க ஆளு பைனல் வரைக்கும் வருவாரு. கொஞ்சம் பாத்துக்கங்க. இந்த வருஷத்துக் காயை உங்களுக்கே போட்டுறலாம்னு ஐயா சொன்னாக” என்றார். எழுந்து போய்விட்டார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. எனக்கும் வேண்டியிருக்கவில்லை. தலைவர் எஸ்டேட் முதலாளிக்குச் சம்பந்தக்காரர், அவர் விரல் எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். உன் விரல் எந்தப் பக்கம் என்றும் தெரியும். மிச்சம் என் கைதான்.

பசிக்குச் செய்தேன் என்றால் மனசு ஆறும். அப்போதே எனக்கு இரண்டு குடோன் இருந்தது. நானும் இதே பஜாரில் மூட்டை தூக்கி மேலே வந்தவன்தான். இன்னொரு எஸ்டேட் காய் வேண்டும் என்று தோன்றியது, இவ்வளவுதான் விஷயம்.

பைனலில் எஸ்டேட் கிளார்க் நாலு தடவை பாய்ந்தார். கூட்டம் கத்தியது. பாண்டி எதிர்த்த டீமில் நடந்துகொண்டிருந்தான். அவன் பக்கமாக ஒரு பந்து உள்ளே போகவில்லை. ஒருமுறை எஸ்டேட் பார்வர்டு பந்தோடு வந்து, அங்கே பாண்டி ஏற்கெனவே நிற்பதைப் பார்த்துவிட்டுத் தானாகவே வெளியே அடித்துவிட்டான். நீ என் தொடையில் ஓங்கித் தட்டினாய். “இப்பச் சொல்லு! இப்பச் சொல்லு பாப்பம்!” அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் போட்ட சண்டை.

துண்டு வந்தது. பாண்டி முதல் ஆள், எஸ்டேட்காரர் இரண்டாவது. நான் இரண்டு விரலைப் பிடித்தேன். தலைவர் கை என் கையை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு வெளியே போனது.

மைக்கில் அவர், “மூன்று பேரும் ஒருமனதாக” என்று அறிவித்தார். நீ பாதி எழுந்தாய். அப்புறம் உட்கார்ந்துவிட்டாய். கீழே நின்ற பாண்டி என்னைப் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்தான். பேக் விஷயத்தில் நீ சொன்னால்தான் பேச்சு என்று ஊருக்கே தெரியும். நீ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

கிளார்க்குக்கு எஸ்டேட்டில் நல்ல வேலை இருந்தது, மதுரைக்கு வரவில்லை என்றுவிட்டார். மில்காரர் யாரையும் கூட்டிக்கொள்ளாமல் பஸ் ஏறிப் போனார். மறுநாள் பாண்டி வழக்கம்போல மூட்டை தூக்க வந்தான். அதற்குப்பிறகு அவன் ஆடவே இல்லை.

நான் உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் மறுநாள் உன் கடைக்கு வந்தேன். வழியிலேயே நாலு பதில் யோசித்து வைத்திருந்தேன். நீ தொட்டித் தண்ணீரில் டியூப்பை அமுக்கி எங்கே குமிழி வருகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

“என்னய்யா, எஸ்டேட்காரருதான் பெஸ்ட்டு. என்ன சொல்ற?”

“நீ சொன்னாச் சரிதான்” என்றாய்.

ஒரு கோபமில்லை. டீ சொன்னாய். ஊர்க்கதை பேசினாய். என் மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னாலேயே வந்து பந்தல் வேலை பார்த்தாய். ஆனால் பேக் பேச்சை எடுத்தால் மட்டும் “சரிதான்” என்பாய். பதினாலு வருஷம். உன்னைச் சீண்ட நான் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன்! தச்சர் மாதிரி உலகத்திலேயே பேக் இல்லை என்றேன். சரிதான். குமுளியிலிருந்து வந்த மலையாளப் பேப்பரில் வேர்ல்டு கப் படத்தைக் காட்டி, இந்த ஆள் மூஞ்சியைப் பார்த்தாலே இவன்தான் நம்பர் ஒன் என்று தெரிகிறது என்றேன். “இருக்கும்” என்று பேப்பரை மடித்துக் கொடுத்தாய். ஒரே ஒரு தடவை, தாங்கமாட்டாமல், “ஏன்யா எங்கூடச் சண்டை போடமாட்டேங்கிற?” என்று கேட்டேன். “தராசு சரியா இருந்தாத்தானய்யா எடை போடலாம்” என்றாய். சொல்லிவிட்டு ஹாண்டில்பாரைத் துடைக்கப் போய்விட்டாய்.

தேனி ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது சொல்லிவிடத்தான் வந்தேன். உன் சம்சாரம் தண்ணீர் பிடிக்க வெளியே போயிருந்தார்கள். நீயும் நானும் மட்டும்தான். நீ என்னையே பார்த்தாய். எனக்கு வாயில் வந்தது, “பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்பதுதான். அந்த நேரத்துக்கு பஸ்ஸே கிடையாது என்று உனக்கும் தெரியும்.

அதனால் போன வாரம் பாண்டியிடம் சொன்னேன். தலை பாதி நரைத்துவிட்டது அவனுக்கு. மத்தியானம், மூட்டையெல்லாம் இறக்கிவிட்டுத் தலைத்துண்டை உதறிக்கொண்டிருந்தான். குடோனில் வேறு யாரும் இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. எஸ்டேட் மேனேஜர் வந்துபோனதையும் சொன்னேன், துண்டுக்குள் நடந்ததையும் சொன்னேன். “ரெண்டு விரல் நாந்தான் குடுத்தேன் பாண்டி. சைக்கிள்கடைக்காரர் உனக்குத்தான் குடுத்தாரு” என்றேன். பஜாரில் இனி என்னோடு எவன் கை கோர்த்தால் என்ன, கோர்க்காவிட்டால் என்ன.

அவன் திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அண்ணனா? எனக்கா குடுத்தாக?” என்றான்.

“ஆமா.”

“நெசமாவா மொதலாளி?”

“அந்தக் கூட்டத்துலயே ஒன் ஆட்டம் என்னன்னு தெரிஞ்ச ஆளு அவருதானப்பா.”

துண்டை மடித்தான், பிரித்து மறுபடி மடித்தான். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் இரண்டு விரல் கொடுத்தது அவனுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை போலிருந்தது.

“நான் அந்தக் கடையில அப்புறம் ஒரு நாளும் காத்து அடிச்சதில்ல மொதலாளி. அவுகளே என்னயக் கை விட்டாகளேன்னு. சுருளிப்பட்டி ரோட்டுல பஞ்சராகும். அவுக கடைதான் மொதல்ல வரும். நிக்கமாட்டேன். உருட்டிக்கிட்டே தாண்டிப் போயி, கடைசிக் கடையில ஒட்டுவேன்.”

அவன் போய்விட்டான். நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தேன்.

நீ போனபிறகு சண்டைக்கு ஆள் இல்லையே என்றுதான் இந்த ஐந்து மாதமும் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அது இல்லை. பதினாலு வருஷத்தில் எத்தனை தடவை அவன் உன் கடையைத் தாண்டி உருட்டிக்கொண்டு போயிருப்பான்? காற்றில்லாத சக்கரம் ரோட்டில் மோதி வருகிற சத்தம், அது யார் வண்டி, எந்தச் சக்கரம் என்று தொட்டியிலிருந்து தலையை எடுக்காமலே உனக்குத் தெரியும். பாண்டி என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் நின்றிருப்பான். ஒரு விரலைக் காட்டியிருந்தால் போதும். துண்டுக்குள் நடந்ததை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டவன் நீ. கையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, அந்தச் சத்தம் கடைசிக் கடை வரைக்கும் போகிறதைக் கேட்டுக்கொண்டு இருந்திருப்பாய்.

நான் ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை. இப்போது கடை மூடிவிட்டு நடந்து போகும்போது எனக்கு அதுதான் கேட்கிறது.